வாசல் தாண்டி வரும் தெய்வம்: தமிழகக் கோயில் உலாக்களும் அவற்றின் உட்பொருளும்

மயிலாப்பூரில் சிவநேசர் என்ற வணிகரின் மகள் பூம்பாவை பாம்பு தீண்டி இறந்துபோனாள். அவளுடைய எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் இட்டு வைத்திருந்தார் தந்தை. ஏழாம் நூற்றாண்டில் அவ்வூருக்கு வந்த திருஞானசம்பந்தர் அந்தக் குடத்தை நோக்கிப் பதிகம் பாடினார் என்கிறது பெரியபுராணம். இறந்த பெண்ணைத் திரும்ப அழைக்க அவர் எடுத்துச் சொன்ன காரணம் வியப்பானது. உயிரின் அருமையை அவர் பேசவில்லை. தத்துவம் எதையும் விளக்கவில்லை. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மாதந்தோறும் வரும் விழாக்களை எண்ணி, இவற்றைக் காணாமலா போய்விடுவாய் என்று பாட்டுக்குப் பாட்டு கேட்டார்.

கோயில் விழாக்களின் ஆண்டு வரிசையை நமக்குத் தரும் மிகப் பழைய தமிழ்ச் சான்றுகளில் ஒன்று அந்தப் பதிகம். அதே நூற்றாண்டில் திருநாவுக்கரசர் திருவாரூர்த் திருவாதிரை நாளின் வீதிக் கோலத்தை ஒரு முழுப் பதிகத்தில் பாடியிருக்கிறார். அதற்கும் முன்பே சிலப்பதிகாரம் புகாரின் இந்திர விழாவைக் காட்டுகிறது. மதுரைக்காஞ்சி ஓண நாளைக் காட்டுகிறது. விழாவும் வீதியும் தமிழ் வாழ்வில் பிரிக்க முடியாமல் கலந்து கிடந்தவை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் எப்போதும் நிற்கிறது. எங்கும் நிறைந்தவன் என்று சொல்லப்படும் இறைவன் எதற்காகக் கருவறையை விட்டு இறங்கி, பல்லக்கில் ஏறி, தெருத்தெருவாக வரவேண்டும்? ஆகமம் ஒரு விடை சொல்கிறது. சித்தாந்தம் ஒரு விடை சொல்கிறது. வரலாறும் சமூகவியலும் வேறு வேறு விடைகள் சொல்கின்றன. அவற்றை ஒருசேர வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லும் செம்பும்

நம் கோயிலில் இறைவனுக்கு இரண்டு திருமேனிகள். கருவறையில் மருந்து சாத்தி நிறுத்தப்பட்ட கல் திருமேனி மூலவர். அவர் அசைவதில்லை. செம்பு கலந்த உலோகத்தில் வார்க்கப்பட்ட உற்சவர் அவருக்காக வெளியே வருகிறார். சோழர் காலத்துச் செப்புத் திருமேனி எதையாவது அருங்காட்சியகத்தில் பார்க்க நேர்ந்தால், முகத்தின் அழகோடு பீடத்தையும் கவனிக்க வேண்டும். பீடத்தின் ஓரங்களில் வளையங்களோ துளைகளோ இருக்கும். கழி கோத்துத் தோளில் தூக்குவதற்கும், உலாவில் ஆடாமல் கட்டுவதற்கும் செய்தவை அவை. நடப்பதற்காகவே பிறந்த தெய்வம் என்பதற்கு அந்தத் துளைகளே சாட்சி. செம்பியன் மாதேவி எடுப்பித்த திருமேனிகளும், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் உயரமும் கைகளும் அணிகளும் கணக்கிட்டு எழுதப்பட்ட திருமேனிகளும் இந்த மரபு பத்து, பதினோராம் நூற்றாண்டுகளில் எவ்வளவு செழித்திருந்தது என்பதைக் காட்டுகின்றன.

சிதம்பரம் இதற்கு விலக்கு. அங்கே பொன்னம்பலத்தில் ஆடும் நடராசரே மூலவரும் உற்சவரும். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆதிரைக்குமாக ஆண்டில் இருமுறை அவரே சிற்சபையை விட்டு இறங்கித் தேரேறுகிறார். பூரியிலும் மரத் திருமேனிகளான மூலவர்களே தேரேறுகிறார்கள். மற்ற ஊர்களில் கல் நிலைக்கிறது, செம்பு நடக்கிறது. சைவர் இதை அசைவற்ற சிவமும் அசைகின்ற சக்தியும் என்பர். வைணவர் இதே செயலைச் சௌலப்பியம் என்பர். எட்டாத உயரத்தில் இருப்பவன் எல்லாரும் எட்டும்படி எளியவனாகித் தாழ்ந்து வரும் குணம் அது.

நடக்கக்கூடிய தெய்வம் என்பதன் அருமை திருவரங்கத்தில் ஒரு சோதனைக் காலத்தில் தெரிந்தது. பதினான்காம் நூற்றாண்டில் தில்லிப் படை வந்தபோது மூலவர் முன் சுவர் எழுப்பி மறைத்தார்கள். உற்சவரான நம்பெருமாளை எடுத்துக்கொண்டு வைணவ ஆசாரியர் பிள்ளை உலகாசிரியர் முதலானோர் தெற்கே புறப்பட்டார்கள். முதியவரான உலகாசிரியர் வழியிலேயே உயிர் நீத்தார். பல பதிற்றாண்டுகள் ஊர் ஊராக அலைந்த பெருமாள், விசயநகரத் தளபதி கோபணரால் 1371இல் மீண்டும் திருவரங்கத்தில் எழுந்தருளினார். உலா என்பது ஒருகாலத்தில் உயிர் பிழைக்கும் வழியாகவும் இருந்திருக்கிறது.

கொடி முதல் தீர்த்தம் வரை

பெருவிழாவை வடமொழியில் மகோற்சவம் என்றும் பிரம்மோற்சவம் என்றும் சொல்வர். உற்சவம் என்ற சொல்லை உயர்ந்த படைப்பு என்று பிரித்துப் பொருள் காண்பது ஆகம மரபு. சிதம்பரத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அகோர சிவாசாரியார் பெயரால் வழங்கும் மகோற்சவ விதி, விழாவின் ஒவ்வொரு நாளுக்கும் உரிய சடங்கை வரையறுக்கிறது. அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் டேவிஸ் அதை 2010இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அந்த விதியின் சுவடு இன்றும் நம் கோயில்களில் தெரிகிறது. மண் எடுத்துப் பாலிகையில் நவதானியம் முளைக்கவிடுகிறார்கள். கொடியேற்றி எட்டுத் திசைக் காவலர்க்கும் பலி இட்டு அழைக்கிறார்கள். காலையும் மாலையும் வாகனங்களில் உலா. ஏழாம் நாளோ ஒன்பதாம் நாளோ தேர். கடைசியில் தீர்த்தவாரி, கொடியிறக்கம்.

இந்த வரிசையைச் சைவ சித்தாந்தம் இறைவனின் ஐந்தொழிலாக வாசிக்கிறது. கொடியேற்றமும் முளைப்பாலிகையும் படைத்தல். வாகன உலா காத்தல். திரிபுரம் எரித்ததை நினைவூட்டும் தேர் அழித்தல். ஆரவாரம் அடங்கி நிகழும் மௌனத் திருவிழா மறைத்தல். எல்லாரும் ஒரே நீரில் மூழ்கி எழும் தீர்த்தம் அருளல். எந்த நாள் எந்தத் தொழில் என்பதில் ஊருக்கு ஊர் சிறு வேறுபாடு உண்டு. ஆனால் உலகம் தோன்றி ஒடுங்கி அருளில் நிறையும் நெடுங்கதையைப் பத்தே நாளில், ஊரின் நான்கு தெருக்களுக்குள் நடத்திக் காட்டுவதே விழா என்ற பார்வை எங்கும் பொதுவானது.

கொடிமரமே ஒரு பாடம். மரம் பதி, அதாவது இறைவன். மேலேறும் கொடித்துணி பசு, அதாவது உயிர். அதைச் சுற்றிய தருப்பைக் கயிறு பாசம். கொடியை மேலே இழுக்கும் கயிறு திருவருள். தில்லையில் ஏறாமல் நின்ற கொடியை உமாபதி சிவம் கொடிக்கவி பாடி ஏற்றினார் என்பது மரபு வழிச் செய்தி. பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த அவர், மறைஞான சம்பந்தரைக் குருவாகக் கொண்டு அவர் உண்ட கூழின் மிச்சத்தை உண்டதற்காகத் தம் சமூகத்தாரால் விலக்கப்பட்டவர். விலக்கப்பட்டவர் பாடியபின்தான் கொடி ஏறியது என்று கதை சொல்லிவைத்திருப்பது எனக்கு மிகப் பெரிய செய்தியாகப் படுகிறது. கொடி ஏற்றத்தின் பொருளை நான்கு சிறு பாடல்களில் சொன்ன அந்த நூல், சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கில் ஒன்றாக வைத்துப் போற்றப்படுகிறது.

வாகனங்கள் பேசும் மொழி

படிக்கத் தெரியாதவரும் வாசிக்கக்கூடிய நூல் வாகனம். இடபம் அறத்தின் உரு. அறத்தின் மேல் அமர்ந்து வருபவனே இறைவன் என்பது அதன் சொல். கருடனை வேதத்தின் வடிவம் என்பர் வைணவர். சூரியப்பிரபையும் சந்திரப்பிரபையும் பகலையும் இரவையும் அவன் பின்னணியாக்குகின்றன. கற்பக விருட்சமும் காமதேனுவும் கேட்டதைத் தருபவன் வருகிறான் என்று அறிவிக்கின்றன. பூதம், யாளி, சிங்கம் ஆகியவை அடக்கப்பட்ட வலிமைகள்.

எல்லாவற்றிலும் ஆழமானது இராவணன் சுமக்கும் கயிலாய வாகனம். கயிலையைப் பெயர்க்க முயன்று, இறைவனின் கால்விரல் அழுத்தத்தில் நசுங்கி, தன் உடலுறுப்பையே வீணையாக்கிச் சாமகானம் பாடியவன் அவன். ஆணவத்தை இறைவன் அழித்துவிடவில்லை. தன்னைச் சுமக்கும் தோளாக மாற்றிக்கொண்டான். மயிலையின் பங்குனிப் பெருவிழாவில் மூன்றாம் நாள் காலை வரும் அதிகார நந்தியும், ஆழ்வார் திருநகரியில் வைகாசியில் ஒன்பது பெருமாள்களும் ஒன்றுகூடும் கருட சேவையும், திருநாங்கூரில் தை மாதம் பதினொரு கருடன்கள் அணிவகுக்கும் காட்சியும் கண்டவர் நெஞ்சை விட்டு அகலாதவை. திருநாங்கூரில் திருமங்கையாழ்வார் வந்து பெருமாள் ஒவ்வொருவரையும் தாம் பாடிய பாசுரத்தால் வணங்குகிறார். பாடியவரும் பாடப்பெற்றவரும் வயல்வெளிகளுக்கு நடுவே நேருக்கு நேர் நிற்கும் நாள் அது.

குதிரை வாகனத்துக்கு இரண்டு கதைகள். மதுரை ஆவணி மூலத்தில் அது மாணிக்கவாசகருக்காக நரியைப் பரியாக்கிய கதை. வைணவக் கோயில்களில் வேடுபறி. வழிப்பறிக்காரனாக இருந்த திருமங்கை மன்னன் பெருமாளையே மறித்துக் கொள்ளையிட, நகைகளோடு எட்டெழுத்து மந்திரமும் அவனுக்குக் கிடைத்தது. இறைவன் தெருவுக்கு வந்தால் திருடனுக்கும் அகப்படுவான் என்று ஊரறிய நடித்துக் காட்டுகிறார்கள்.

அலங்காரமும் பேசும். திருச்செந்தூரில் ஆவணி, மாசிப் பெருவிழாக்களின் ஏழாம் நாள் மாலை சண்முகர் சிவப்பு சாத்தி உருத்திர அம்சமாக வருகிறார். எட்டாம் நாள் காலை வெள்ளை சாத்தி நான்முகனாகவும், பகலில் பச்சை சாத்தித் திருமாலாகவும் வருகிறார். மூன்று நிறங்களில் மூன்று தெய்வங்களும் ஒருவரே என்ற செய்தியைக் கடற்கரை ஊரின் குழந்தையும் புரிந்துகொள்ளும்.

தேர்: எரிந்த மூன்று கோட்டைகள்

தேரின் குறியீடு திரிபுர சங்காரக் கதையிலிருந்து வருவது. அந்தப் போரில் பூமியே தேர்த்தட்டு. ஞாயிறும் திங்களும் சக்கரங்கள். வேதங்கள் நான்கும் குதிரைகள். நான்முகன் பாகன். மேரு வில், வாசுகி நாண், திருமால் அம்பு. புறப்படும்போது பிள்ளையாரை நினைக்க மறந்ததால் அச்சு இற்றது; அந்த இடமே அச்சிறுபாக்கம் என்பது தலக்கதை. இத்தனை ஆயத்தத்துடன் போனவன் கடைசியில் அம்பு எய்யாமல் சிரித்தே எரித்தான். ஆணவம், கன்மம், மாயை ஆகிய மும்மலங்களே முப்புரம் என்று திருமூலர் அதன் உட்பொருளைத் திறந்துவைத்தார். அன்று முதல் தேரோட்டம் வெளியே நடக்கும் விழாவாகவும் உள்ளே நடக்கும் போராகவும் ஆயிற்று.

திருவாரூருக்குத் தேரழகு என்பது சொலவடை. அலங்கரித்த ஆழித்தேரின் உயரம் 96 அடி; எடை ஏறத்தாழ 300 டன். 1920களில் தீக்கிரையான பழைய தேருக்குப் பதில் புதிய தேர் எழுந்தது. அதுவும் நெடுங்காலம் ஓடாமல் நின்று, 1970இல் மீண்டும் ஓடியது. திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் சக்கரங்களும் நிறுத்தும் கருவியும் செய்து கொடுத்தது. மரத்தச்சரின் கைவேலைக்கும் ஆலைப் பொறியாளரின் கணக்குக்கும் அந்தத் தேரில் ஒரே இடம்.

தேரைச் சுற்றி ஒரு தொழிலுலகமே இருக்கிறது. இலுப்பை, தேக்கு போன்ற மரங்களில் புராணக் காட்சிகளைச் செதுக்கும் தச்சர். மூங்கில் கட்டி உயர்த்தித் தேர்ச்சீலையும் தொம்பையும் தொங்கவிடுவோர். வடம் முறுக்குவோர். பின்னிருந்து நெம்பித் தள்ளுவோர். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புவோர். தேர் வளைவில் திரும்பும் கணத்தில் ஊரே மூச்சடக்கி நிற்பது இவர்களுடைய கையை நம்பித்தான். நேராக ஓடுவதற்கு ஆயிரம் கை போதும். திரும்புவதற்கு அனுபவம் வேண்டும். தேர் நிலைக்கு வந்தது என்று யாராவது சொல்லும்போது அந்தச் சொல்லில் எவ்வளவு நிம்மதி இருக்கிறது என்பது தேரூர்க்காரர்களுக்குத் தெரியும்.

அரசியும் அழகரும்

வரலாற்றாய்வாளர்கள் உலாவை அரசனின் நகர்வலத்தோடு ஒப்பிடுவர். கோயில் என்ற சொல்லே அரசன் இல்லத்துக்கும் இறைவன் இல்லத்துக்கும் பொது. குடை, சாமரம், கொடி, யானை, முரசு, மெய்க்காவல் எல்லாம் இருவருக்கும் ஒன்று. இந்த ஒப்புமை மதுரையில் முழுமையடைகிறது. சித்திரைப் பெருவிழாவின் எட்டாம் நாள் மீனாட்சிக்கு முடிசூட்டு. ஒன்பதாம் நாள் திக்குவிசயம். எண்திசைக் காவலரையும் வென்று வரும் அரசி கடைசியில் சிவனைக் கண்டு நாணி நிற்கிறாள். பத்தாம் நாள் திருக்கல்யாணம். பதினொன்றாம் நாள் தேர். சித்திரையில் செங்கோல் பெற்ற அன்னையின் ஆட்சி ஆவணியில் சுந்தரேசுவரருக்கு முடிசூட்டும் வரை தொடர்கிறது. ஒரு நகரம் ஆண்டுதோறும் ஒரு பெண்ணுக்கு முடிசூட்டித் தன்னை ஆளச் சொல்கிறது.

மதுரைத் தெருப்பெயர்களும் விழாவின் ஆவணங்களே. ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக விரிந்த நகரம் அது. சித்திரைத் தேர் இன்று ஓடுவது மாசி வீதிகளில். பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர், மாசியில் நடந்த பெருவிழாவைச் சித்திரைக்கு மாற்றி, அழகர்கோயில் பெருமாளான அழகர் வைகை ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்தார் என்று சொல்லப்படுகிறது. தெரு மட்டும் பழைய மாதத்தின் பெயரை விடாமல் வைத்திருக்கிறது. முன்பு அழகர் தேனூருக்குத்தான் போய்க்கொண்டிருந்தார் என்பதும் வழக்கு. வண்டியூரில் மண்டூக முனிவருக்கு அவர் மோட்சம் அளிக்கும் மண்டபம் இன்றும் தேனூர் மண்டபம்தான்.

அழகரின் வருகைக்குக் கோயில் சொல்லும் காரணம் மண்டூகர். மக்கள் சொல்லும் காரணம் தங்கை மீனாட்சியின் கல்யாணம். சீர் கொண்டு வந்த அண்ணன் நேரம் தவறியதை அறிந்து, கோபித்துக்கொண்டு ஆற்றோடு திரும்பிவிட்டான் என்பது அவர்கள் கதை. பெருமாள் வரும் கோலமும் மக்களுடையது. கள்ளர் திருக்கோலத்தில், கையில் வளரியுடன் வருகிறார். தல்லாகுளத்தில் எதிர்சேவை செய்து மாநகரமே அவரை வரவேற்கிறது. திருவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் சூடிய மாலையை அணிந்து, தங்கக் குதிரையில் முழுநிலா நாள் விடியலில் வைகையில் இறங்குகிறார். தொ. பரமசிவன் 1989இல் வெளியான ‘அழகர் கோயில்’ ஆய்வில், கள்ளர், வலையர், பள்ளர், பறையர், இடையர் முதலான மக்களுக்கும் இக்கோயிலுக்கும் உள்ள உறவை வாய்மொழிக் கதைகளையும் சடங்குகளையும் கொண்டு நிறுவினார். கோயிலாய்வு என்றால் கட்டடமும் கல்வெட்டும் என்றிருந்த நிலையை மாற்றி, வேண்டுதலுடன் தண்ணீர் பீய்ச்சுபவரையும் திரி எடுத்து ஆடுபவரையும் ஆய்வுக்குள் கொண்டுவந்த நூல் அது. குறியீட்டின் பொருள் மேலிருந்து மட்டும் வருவதில்லை என்பதற்கு அழகரைவிடச் சிறந்த சான்று கிடையாது.

வழியே பொருள்

உலா போகும் வழி ஊர்களை உறவாக்குகிறது. திருவையாற்றின் ஏழூர்த் திருவிழா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நந்திக்குத் திருமழபாடியில் திருமணம் செய்துவைத்தார் ஐயாறப்பர். அந்தத் திருமணத்துக்குச் சோற்றுத்துறை சோறு தந்தது. பழனம் பழம் தந்தது. பூந்துருத்தி பூ, நெய்த்தானம் நெய், கண்டியூர் அணிகள், வேதிகுடி வேதியர் என்று ஊருக்கொன்றாக உதவின. உதவியவர்க்கு நன்றி சொல்ல, மணமக்களை அழைத்துக்கொண்டு ஐயாறப்பர் சித்திரையில் ஊர் ஊராகப் பல்லக்கில் போகிறார். முடிவில் ஏழூர்ப் பல்லக்குகளும் திருவையாற்றில் கூட, ஒரு பொம்மை பூப்போடுகிறது. இறைவனே நன்றிக்கடன் தீர்க்க நடக்கும்போது மனிதர்க்கு வேறு பாடம் தேவையில்லை.

மாசிமகத்தில் தெய்வங்கள் கடலுக்குப் போகின்றன. திருக்கண்ணபுரத்துச் சௌரிராசப் பெருமாள் திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரைக்கு வரும்போது மீனவர்கள் அவரை மாப்பிள்ளை என்று அழைத்துத் தோளில் சுமக்கிறார்கள். பதுமினி நாச்சியார் அவர்கள் வீட்டுப் பெண். திருமுட்டத்துப் பூவராகர் கிள்ளைக் கடற்கரைக்குப் போகும் வழியில் தர்கா முன் நிற்க, இசுலாமியர் மாலை மரியாதையுடன் வரவேற்கிறார்கள். கோயிலும் தர்காவுக்கு மரியாதை செய்கிறது. யாரும் மேடை போட்டு ஒற்றுமை பேசாமல், ஒரு பல்லக்கு நிற்கும் இடத்தால் காலங்காலமாகக் காக்கப்பட்டுவரும் உறவு அது.

வீடு திரும்பும் தெய்வத்துக்கும் சடங்குண்டு. வெளியே போய் வந்தவருக்குக் கண்ணேறு கழித்துத் திருவந்திக்காப்பு எடுக்கிறார்கள். பிள்ளைக்குச் சுற்றிப் போடும் தாயின் செயல் அது. திருவரங்கத்தில் பங்குனியில் உறையூர் போய் வந்த பெருமாளுக்குத் தாயார் கதவடைக்கிறார். திருவண்ணாமலையில் திருவூடலுக்கென்றே ஒரு தெரு இருக்கிறது. பரம்பொருளைக் குடும்பத்தாராக்கிக்கொண்ட மக்களின் அன்பு இந்தச் சிறு சடங்குகளில்தான் முழுதாகத் தெரிகிறது.

ஒலியும் வழியைச் சொல்லும். புறப்பாட்டில் நாகசுரம் முதலில் வாசிப்பது மல்லாரி. கம்பீரநாட்டை இராகம், சாகித்தியம் இல்லாத தாளக்கட்டு. அதைக் கேட்டதும் அடுத்த தெருவில் இருப்பவருக்கும் சுவாமி புறப்பட்டுவிட்டது தெரியும். தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒரு மல்லாரி. நாகசுரமும் தவிலும் கச்சேரி மேடைக்கு வருமுன் வளர்ந்த இடம் இந்த வீதிகள். நின்று நிதானித்து இராத்திரி முழுக்க ஓர் இராகத்தை விரிக்கும் ஆற்றலை மெல்ல நகரும் தெய்வமே கலைஞருக்குத் தந்தது.

யார் தோளில், யார் கையில்

உலாவைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அது பொய்யாகும். மண்டகப்படி, முதல் மரியாதை, பரிவட்டம், வடம் பிடிக்கும் உரிமை என்று விழாவின் ஒவ்வொரு கூறும் ஊரின் பங்குப் பத்திரம். அர்ஜுன் அப்பாதுரை திருவல்லிக்கேணிக் கோயிலைப் பற்றி 1981இல் வெளியிட்ட நூலில், கோயில் மரியாதைகளைப் பங்கிட்டுக்கொள்வதும் அதற்காகப் பூசலிடுவதும் ஆங்கிலேயர் காலத்தில் நீதிமன்றம் வரை போனதை விளக்கினார். இறைவனிடமிருந்து வரும் பிரசாதத்தின் வரிசையே சமூகத்தின் வரிசையாகிறது என்பது அவர் ஆய்வின் சாரம்.

அந்த வரிசையில் இடமே இல்லாதவர்கள் நூற்றாண்டுகளாக இருந்தார்கள். நந்தனார் வாசலுக்கு வெளியே நின்றார். வைக்கத்தில் 1924இல் தொடங்கிய போராட்டம் கோயிலுக்குள் போவதற்கு முந்தைய படி. அது கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்கானது. 1939 சூலையில் வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைந்தார்கள். ஆனாலும் சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில், தேர்வடம் பிடிக்கும் உரிமை பற்றிய பூசல் 1998 முதல் தொடர்ந்தது. தேர் நின்றும், காவலுடன் ஓடியும், மறுபடி நெடுங்காலம் நின்றும், 2024 சூனில்தான் ஓடியது. சிலர் கையில் வடம் படக்கூடாது என்பதற்காகத் தேரையே ஓடாமல் நிறுத்தும் ஊர், தேரின் பொருளைக் கைவிட்ட ஊர். ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் வாய் நிறையச் சொல்லும் வழக்கில் ஊர் என்பது யார்? சேரியும் அதில் அடங்காத வரை அந்தச் சொல் பொய்.

மரபுக்குள்ளேயே இதற்கு மறுமொழி இருக்கிறது. மயிலையின் பங்குனிப் பெருவிழாவில் எட்டாம் நாள் அறுபத்துமூவர் உலா. குயவரும் வேடரும் மீனவரும் வண்ணாரும் பாணரும் அரசரும் அந்தணரும் ஒரே அணிவகுப்பில் இறைவன் முன் கைகூப்பி வருகிறார்கள். திருநாளைப்போவாரான நந்தனாரும் அவர்களில் ஒருவர். வாசலில் நிறுத்தப்பட்டவரையே பல்லக்கில் ஏற்றித் தெருவில் வணங்குகிறோம். வணங்கும் கை, அவர் வழிவந்தவருக்கு வடத்தைக் கொடுக்க மறுக்கக்கூடாது.

கடல் கடந்த வீதிகள்

தமிழர் போன இடமெல்லாம் உலாவும் போயிற்று. யாழ்ப்பாணத்து நல்லூரில் 25 நாள் திருவிழா. மஞ்சம், கைலாச வாகனம், சப்பறம் கடந்து 24ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். கதிர்காமத்தில் உருவமே காட்டப்படுவதில்லை. யந்திரம் அடங்கிய பேழை யானைமேல் மூடியபடி போகிறது. காண்பதற்காக வரும் உலாக்களுக்கு நடுவே காணாமல் வணங்கும் உலா. கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலிலிருந்து தைப்பூசத்துக்கு வெள்ளித் தேர் பத்துமலைக்குப் போகிறது. அங்கே தைப்பூசம் 1892இல் தொடங்கியது. போருக்குத் தப்பி ஐரோப்பா போன ஈழத்தமிழர் பாரிசின் லாசப்பல் பகுதியில் பிள்ளையார் தேர் இழுத்துத் தெருவில் தேங்காய் உடைக்கிறார்கள். செர்மனியின் ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சியம்பாள் கோயிலின் தீர்த்தம் அவ்வூர்க் கால்வாயில் நடக்கிறது. ஊரை இழந்தவர்கள் முதலில் மீட்டுக்கொண்டது தெருவை. அகதியாக வந்தவர் அந்த ஒருநாள் அந்நிய நகரத்தின் சாலையில் வீட்டுக்காரராக நடக்கிறார்.

இன்றைய தேர்

இன்று உலாக்கள் ஒருபுறம் புத்துயிர் பெறுகின்றன. ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் 2015இல் தஞ்சைப் பெரிய கோயில் தேர் ஓடியது. இன்னொருபுறம் ஆபத்தும் வளர்கிறது. 2022 ஏப்ரலில் தஞ்சையை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். ஆண்டுதோறும் போடும் தார் சாலையை உயர்த்துகிறது. தேருக்கும் கம்பிக்கும் நடுவே இருந்த இடைவெளி குறைகிறது. சாலை போடும்போதும் கம்பி கட்டும்போதும் இது தேர் வரும் தெரு என்று நினைப்பதும் வழிபாட்டின் பகுதிதான். தோள் கொடுக்கும் பாதந்தாங்கிகள் குறைந்து, பல ஊர்களில் வாகனங்கள் சக்கர வண்டியில் வருகின்றன. சில கோயில்களில் மணியும் முரசும் மின்பொறியில் ஒலிக்கின்றன. சுமப்பவருக்கும் வாசிப்பவருக்கும் வாழும்படியான ஊதியம் தராமல் மரபு அழிகிறதே என்று வருந்துவது நேர்மையாகாது.

இதுவரை பார்த்த விடைகள் ஒன்றோடொன்று மோதுபவை போலத் தோன்றலாம். ஆகமம் உலகின் தோற்ற ஒடுக்கத்தைக் காண்கிறது. சித்தாந்தம் உயிரின் விடுதலையை. வரலாறு அரசனின் நகர்வலத்தை. சமூகவியல் பங்கையும் பூசலையும். மக்கள் அண்ணனையும் மாப்பிள்ளையையும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் செயல் ஒன்றே. உள்ளே இருந்தவர் வெளியே வருகிறார். நடக்க முடியாத முதியவர் திண்ணையிலிருந்தும், கைக்குழந்தைக்காரி வாசற்படியிலிருந்தும், கோயிலுக்குள் விடப்படாதவர் தெருமுனையிலிருந்தும் காணட்டும் என்று வருகிறார். கருவறைக்கு வாசல் உண்டு, காவல் உண்டு, தீட்டு என்ற சொல்லும் இருந்தது. தெருவுக்கு அவை எதுவும் இருக்கக்கூடாது. உலாவின் மற்றக் குறியீடுகளை எல்லாம் இந்த ஒன்றைக் கொண்டே அளக்கவேண்டும் என்பது என் துணிபு.

மயிலையில் அறுபத்துமூவர் உலா நடக்கும் அதே நாளில் பூம்பாவை உயிர்பெற்று எழுந்த நிகழ்ச்சியையும் நடத்திக் காட்டுகிறார்கள். இவற்றைக் காணாமலா போவாய் என்ற சம்பந்தரின் கேள்வி அன்றும் எழுகிறது. மாடவீதியில் நெருங்கி நிற்கும் கூட்டத்தில், காண முடியாமல் தடுக்கப்பட்ட பூம்பாவை ஒருத்தியும் இல்லை என்று நாம் சொல்ல முடிகிற ஆண்டில்தான் நம் தேர் உண்மையாக நிலைக்கு வரும்.